நிதி ஆலோசகரின் அறிமுகக் குறிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி ஒரு நிதி ஆலோசகரிடம் ஆலோசனை பெறலாம் என்றிருக்கிறேன். மூன்று பேருடைய அறிமுகக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தேன். மூவருமே நேர்மை, வெளிப்படைத்தன்மை, வாடிக்கையாளர் நலன் ஆகியவற்றையே தம் கொள்கைகளாகச் சொல்கிறார்கள். ஒருவர் நெடுங்காலம் வங்கியில் உயர்பதவி வகித்தவர். இன்னொருவர் பல சான்றிதழ்கள் பெற்றவர். மூன்றாமவர் தம் தந்தை கடனில் சிக்கிப் பட்ட பாட்டைக் கண்டு இத்தொழிலுக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். எனக்கு மூன்றாமவர் மீதே மனம் செல்கிறது. பின்னணியையும் கொள்கையையும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது சரிதானா?

பிப்ரவரி 3, இரவு

நான் பல ஆண்டுகள் நிதி ஆலோசனை அலுவலகங்களில் பின்னறை வேலை பார்த்தவன். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கைகளைத் தயாரிப்பதும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதும் என் பணி. இடையிடையே இத்தகைய அறிமுகக் குறிப்புகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதால் அவை எப்படி உருவாகின்றன என்பது எனக்குத் தெரியும். ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்து, ‘நேர்மை, அனுபவம், குடும்பம், இந்த மூன்றும் வருவது போல் எழுதிவிடுங்கள்’ என்பார். நானும் எழுதிவிடுவேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் மலையேற்றம் என்று போடாத ஆலோசகரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஏறியது இறங்கும் என்பதைக் குறிப்பால் உணர்த்துகிறார்களோ என்னவோ.

கேள்விக்கு வருகிறேன். எதிர்மறையாக யாருமே எழுத மாட்டார்கள் என்ற நிலையில் இருக்கும் ஒரு கொள்கை வாசகத்தால் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. ‘நாங்கள் நேர்மையற்றவர்கள்’ என்று எவரும் அறிவிக்கப் போவதில்லை. அதே நேரத்தில், ‘நான் விற்பனைத் தரகு வாங்குவதில்லை’, ‘பங்குகளில் தினசரி வர்த்தகம் செய்ய விரும்புவோருக்கு நான் பொருத்தமானவன் அல்லன்’, ‘இப்போதைக்குப் புதிய குடும்பங்களை ஏற்பதில்லை’ என்பவை போன்ற வாசகங்களால் அவருக்கு வருமானம் குறையும். எழுதியவருக்கு ஏதேனும் இழப்பை உண்டாக்கும் வாசகத்தை மட்டும் கொள்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை என்னைப் போன்ற ஒருவன் எழுதிக் கொடுத்தது என்று கடந்து போங்கள்.

பிப்ரவரி 4

பின்னணியைப் பற்றி நேற்று ஒன்றும் சொல்லவில்லை. பெரிய பதவி, பெரிய பெயர் என்ற வகைப் பின்னணிக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பெர்னார்டு மேடாஃப். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தவர். அவரிடம் பணம் போடுவதற்குச் சிபாரிசு தேவைப்பட்டது. 2008 டிசம்பரில் அவர் கைதானபோதுதான், வாடிக்கையாளர்களுக்கு மாதந்தோறும் போய்க்கொண்டிருந்த கணக்கறிக்கைகளில் இருந்த கொள்முதல்களும் விற்பனைகளும் நடக்கவே இல்லை என்பது வெளிப்பட்டது. மறு ஆண்டு அவருக்கு 150 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அங்கே முதலீட்டை நிர்வகித்தது, சொத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்தது, கணக்கறிக்கை அனுப்பியது எல்லாம் ஒரே நிறுவனம். வாடிக்கையாளர் சரிபார்த்துக்கொள்ள வேறு கதவு எதுவும் இல்லை. ஆகவே ஆலோசகரின் பழைய பதவியைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘என் சொத்து யாருடைய பெயரில், யாருடைய பாதுகாப்பில் இருக்கும்? உங்களைக் கேட்காமலே நான் அதைப் பார்க்க முடியுமா?’ என்பது. இதற்கு நேரான பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 4, மாலை

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாக. சிஎஃப்பி என்பது தனிநபர் நிதித் திட்டமிடலுக்கான சான்றிதழ். சிஎஃப்ஏ என்பது மூன்று கட்டத் தேர்வுகளைக் கொண்ட, பெரும்பாலும் முதலீட்டுப் பகுப்பாய்வைச் சார்ந்த பட்டம். இரண்டுமே எளிதில் கிடைப்பவை அல்ல. ஆனால் பங்கு ஒன்றின் மதிப்பைக் கணிக்கத் தெரிந்தவருக்கு உங்கள் வீட்டுக் கடனையும் காப்பீட்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகளில் சில, வார இறுதி வகுப்பில் கிடைப்பவையும்கூட. எந்த அமைப்பு கொடுத்தது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று அந்த அமைப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு. அமெரிக்காவில் ஒரு தரகர் மீதான புகார்களையும் தண்டனைகளையும் ‘புரோக்கர்செக்’ என்ற பொதுப் பதிவேட்டில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்தத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 7 விழுக்காட்டு ஆலோசகர்களுக்கு முறைகேட்டுப் பதிவு இருந்ததாகவும், அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மீண்டும் மீண்டும் தவறு செய்தவர்கள் என்றும் கண்டது. தவறு செய்து வேலை இழந்தவர்களில் கணிசமானவர்கள் ஓராண்டுக்குள் வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்கள். புது நிறுவனத்து அறிமுகக் குறிப்பில் அவர்களுக்கும் ‘நெடிய அனுபவம்’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பிப்ரவரி 6

மூன்றாமவரைப் பற்றிக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: ‘தந்தையின் துன்பத்தைக் கண்டு வந்தவர் ஏமாற்ற மாட்டார் அல்லவா?’

ஏமாற்ற மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவரை இத்தொழிலுக்குக் கொண்டுவந்த கதை, அவர் கொடுக்கும் ஆலோசனையையும் சாய்க்கும். நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், இளமையில் கடன்காரர்கள் வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்த ஆலோசகர் ஒருவர் இருந்தார். நேர்மையில் அப்பழுக்கற்றவர். ஆனால் யார் வந்தாலும், எந்த வயதினராக இருந்தாலும், முதல் ஆலோசனை கடனை அடைப்பதாகவே இருக்கும். குறைந்த வட்டியில் இருந்த நீண்டகாலக் கடனை அடைப்பதற்காகக் கையிருப்பு முழுவதையும் துடைத்து எடுக்கச் சொல்லி, அவசரத் தேவை என்று வந்தபோது அதிக வட்டிக்குப் புதுக்கடன் வாங்க வேண்டிய நிலைக்கு ஒரு குடும்பம் போனதை அந்தக் கோப்பிலேயே நான் படித்திருக்கிறேன். அவர் அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன ஆலோசனை உண்மையில் தம் தந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

காப்பீடு இல்லாமல் தந்தையை இழந்தவர் காப்பீட்டை மிகுதியாகப் பரிந்துரைப்பார். சந்தை வீழ்ச்சியில் கையைச் சுட்டுக்கொண்டவர் வங்கி வைப்பைத் தாண்ட மாட்டார். ஒரே ஓர் ஏற்றத்தில் பொருள் சேர்த்தவர் எல்லாரையும் பங்குகளுக்கு இழுப்பார். பின்னணி என்பதை நற்சான்றாகப் படிப்பதைவிட, இவருடைய தராசு எந்தப் பக்கம் தாழும் என்பதற்கான குறிப்பாகப் படிப்பதே பயனுள்ளது. மூன்றாமவரைச் சந்திக்கும்போது, ‘எந்தச் சூழ்நிலையில் கடன் வாங்குவது சரி என்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். நிதானமாக இரண்டு மூன்று சூழ்நிலைகளைச் சொன்னால், தம் சாய்வை அவர் அறிந்திருக்கிறார் என்று பொருள்.

பிப்ரவரி 7

நேற்று எழுதியதற்கு வலுச்சேர்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. கனடாவில் சுமார் 4,000 ஆலோசகர்களுடைய சொந்த முதலீடுகளையும் அவர்களது வாடிக்கையாளர்களின் முதலீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடிக்கடி வாங்கி விற்பது, அண்மையில் நன்றாக ஏறிய முதலீட்டு நிதிகளின் (ஃபண்டுகளின்) பின்னால் ஓடுவது, செலவு அதிகமான நிதிகளைத் தேர்ந்தெடுப்பது என்று வாடிக்கையாளர்களிடம் காணப்பட்ட குறைகள் அனைத்தும் ஆலோசகர்களின் சொந்தக் கணக்குகளிலும் இருந்தன. தொழிலை விட்டு விலகிய பிறகும் அவர்கள் அப்படியே முதலீடு செய்தார்கள். அதாவது, ஊருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று அவர்கள் நடந்துகொள்ளவில்லை. தாம் நம்பியதையே சொன்னார்கள், நம்பியதுதான் தவறாக இருந்தது.

‘உங்கள் சொந்தப் பணத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்கும்படி பலரும் அறிவுரை சொல்வதுண்டு. கேட்கலாம், தவறில்லை. ஆனால் ‘உங்களுக்குச் சொல்வதில்தான் நானும் போட்டிருக்கிறேன்’ என்ற பதில், அவருடைய நல்லெண்ணத்தை மட்டும் உறுதிப்படுத்துகிறது. ‘அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், அதன் ஆண்டுச் செலவு எத்தனை விழுக்காடு, அதைவிட மலிவான மாற்று எது?’ என்று தொடர வேண்டும்.

பிப்ரவரி 9

இனி கட்டணத்துக்கு வருவோம். இவ்வளவு நேரம் நான் சுற்றி வளைத்தது இதற்காகத்தான். ஆலோசகருக்கு யார் பணம் கொடுக்கிறார் என்பது தெரிந்துவிட்டால் அறிமுகக் குறிப்பில் பாதியைப் படிக்க வேண்டியதில்லை.

வெவ்வேறு நாடுகள் இதை வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. பிரிட்டனில் 2012 டிசம்பர் 31 முதல், புதிதாக விற்கப்படும் முதலீட்டுத் திட்டங்களுக்கு ஆலோசகர்கள் தரகு (திட்டத்தை விற்றுத் தருவதற்காக அதை நடத்தும் நிறுவனம் கொடுக்கும் பணம்) பெறுவது தடைசெய்யப்பட்டது. அவர்களுக்கான குறைந்தபட்சக் கல்வித் தகுதியும் அப்போதே உயர்த்தப்பட்டது. நெதர்லாந்து 2013 தொடக்கத்தில் தரகைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு ஜூலை முதல் இத்தகைய வருமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கெனத் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்து, 2020இல் அவற்றை இறுக்கியது: ஒரே குடும்பத்துக்கு ஆலோசனைக் கட்டணமும் வாங்கி, திட்டங்களை விற்றுத் தரகும் வாங்க முடியாது, ஆலோசகராகப் பதிவு பெறாமல் திட்டங்களை விற்கும் விநியோகஸ்தர் தம்மைச் ‘சுதந்திர நிதி ஆலோசகர்’ என்று அழைத்துக்கொள்ளவும் கூடாது. தரகு சேராத நேரடித் திட்டங்களும் அங்கு 2013 ஜனவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகளில் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் வரும் ஆலோசகர், வாடிக்கையாளர் நலனைத் தம் நலனுக்கு முன்னே வைக்கக் கடமைப்பட்டவர். 1963இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஓர் ஆலோசனை நிறுவனம் சில பங்குகளைத் தனக்கு வாங்கிக்கொண்டு, பிறகு அவற்றை நீண்டகால முதலீட்டுக்கு ஏற்றவை என்று சந்தாதாரர்களுக்குப் பரிந்துரைத்து, விலை ஏறியதும் தன்னுடையதை விற்றுவிட்டது. பரிந்துரை பொய்யாக இருந்ததா என்பதுகூட முக்கியமில்லை, தன் ஆதாயத்தை மறைத்ததே கடமை மீறல்தான் என்ற வகையில் தீர்ப்பு அமைந்தது. உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்தமானது.

பிப்ரவரி 9, பின்னிரவு

நண்பர் ஒருவர் குறுக்கிட்டு, ‘அப்படியானால் தரகு வாங்குவதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதுமே’ என்கிறார். போதாது. 2005இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு சாடியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று சிலர் தொலைவிலிருந்து மதிப்பிட வேண்டும். சாடியை அருகிலிருந்து பார்த்த வேறு சிலர் அவர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். மதிப்பீடு உயர உயர ஆலோசனை சொல்பவருக்கு ஆதாயம். அந்த ஆதாயத்தை முன்கூட்டியே அறிவித்தபோது, ஆலோசனை சொன்னவர்கள் இன்னும் கூடுதலாக மிகைப்படுத்தினார்கள். சொல்லிவிட்டோம், இனி கேட்பவர் பாடு என்று அவர்கள் மனம் இலேசாகிவிட்டது போலும். கேட்டவர்களோ அந்த அறிவிப்புக்கு ஏற்ற அளவு கழித்துக்கொள்ளவில்லை.

பின்னறையில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கையெழுத்து வாங்கும்போது வெளிப்படுத்தல் படிவத்தையும் ஒன்றாக வைத்து, ‘இது வழக்கமான தாள்தான்’ என்ற ஒரு சொல்லோடு நகர்த்திவிடுவார்கள்.

பிப்ரவரி 11

படிவம் என்றதும் நினைவுக்கு வந்தது. முதல் சந்திப்பில் ஒரு வினாத்தாள் தருவார்கள்: முதலீடு ஓராண்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை ஆண்டு காத்திருப்பீர்கள் என்றெல்லாம் கேட்டு, உங்கள் இடர் தாங்கும் தன்மையை அளப்பதற்கானது. அதன் விடைகளை வைத்தே திட்டம் அமைய வேண்டும் என்பது முறை.

நான் கோப்புகளை ஒழுங்குபடுத்திய ஓர் அலுவலகத்தில், பேச்சால் எவரையும் மயக்கிவிடும் ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவருடைய கோப்புகளில் வினாத்தாளின் டிக் குறிகள் எல்லாம் கறுப்பு மையிலும் வாடிக்கையாளர் கையெழுத்து நீல மையிலும் இருக்கும். ஒரு கோப்பில் அப்படியென்றால் தற்செயல் எனலாம். அடுக்கில் இருந்த எல்லாவற்றிலும் அதே கறுப்பு, ஒரே சாய்வில். எந்தத் திட்டத்தை விற்பது என்று முதலில் முடிவாகும். அதற்குப் பொருத்தமான விடைகள் பிறகு பூர்த்தியாகும். வெற்றாக இருக்க வேண்டிய இடத்தில் நிரம்பிய தாளைப் பார்த்தும் வாடிக்கையாளர் கையெழுத்திடுவார். அவருடைய அறிமுகக் குறிப்பில் ‘ஒவ்வொருவரின் தனித்தேவைக்கேற்ப’ என்ற தொடர் இருந்தது.

ஆகவே வினாத்தாளை உங்கள் கையால் நிரப்புங்கள், ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல ஆலோசகர் உங்கள் விடைகளை அப்படியே ஏற்கவும் மாட்டார். ‘வீழ்ச்சி வந்தால் கூடுதலாக வாங்குவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சென்ற வீழ்ச்சியின்போது என்ன செய்தீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பார். துணிவு வேறு, தாங்கும் சக்தி வேறு. மனத்துணிவு நிறைய இருந்து, மூன்றாண்டில் பிள்ளையின் படிப்புக்குத் தேவைப்படும் பணம் என்றால், துணிவைப் பற்றிய விடைக்கு அங்கே வேலையே இல்லை.

பிப்ரவரி 12

பிப்ரவரி 9இல் நான் எழுதியதைப் படித்தவர்கள், கட்டணம் மட்டும் வாங்குபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. அதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும்.

கட்டண முறை ஒவ்வொன்றுக்கும் தனிச் சாய்வு இருக்கிறது. நிர்வகிக்கும் சொத்தில் இத்தனை விழுக்காடு என்று வாங்குபவருக்கு, நீங்கள் முதலீட்டை எடுத்து வீட்டுக் கடனை அடைத்தால் வருமானம் குறையும். நிலம் வாங்கினாலும் குறையும். வாழ்நாள் முழுவதும் மாத ஓய்வூதியம் தரும் திட்டத்துக்கு மாற்றினாலும் குறையும். மணிக்கணக்கில் வாங்குபவரிடம், கடிகாரம் ஓடுகிறதே என்று அஞ்சி நாமே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவோம். ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை வாங்குபவருக்கு, ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் பணம் வரும். ஆஸ்திரேலியாவில் 2018இல் நடந்த அரச ஆணைய விசாரணையில், செய்யாத சேவைக்குக் கட்டணம் பிடித்ததும், இறந்துபோன வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்துகூட ஆலோசனைக் கட்டணம் எடுத்ததும் அம்பலமாயின. தரகுக்குக் கட்டுப்பாடு வந்து சில ஆண்டுகள் ஆன பிறகு வெளிவந்த செய்தி இது.

விழுக்காடு என்ற சொல் சிறிதாகத் தெரிவதும் ஒரு மயக்கம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வளரும் முதலீடு 30 ஆண்டில் ஏறத்தாழ 7.6 மடங்காகும். ஆண்டுதோறும் 1 விழுக்காடு கட்டணமாகப் போய் 6 விழுக்காடு மட்டுமே வளர்ந்தால் 5.7 மடங்குதான். கடைசித் தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அந்தக் கட்டணத்துக்கு ஈடான பணியை ஆலோசகர் செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. வரித் திட்டமிடல், உயில், காப்பீடு, பதற்றத்தில் விற்காமல் தடுப்பது என்று அதற்கு மேலும் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை என்று தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள். விழுக்காட்டில் எழுதித் தருவதைவிடத் தொகையில் எழுதும்போது பேனா சற்றுத் தயங்கும்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

இன்னோர் எதிர்ப்பு வந்திருக்கிறது, நியாயமானது. ‘சேமிப்பே குறைவாக உள்ளவருக்குக் கட்டணம் கட்டி ஆலோசனை பெற வழியில்லை. தரகு வாங்கும் முகவர் ஒருவர்தான் அவர்களைத் தேடி வருகிறார். அவரையும் ஒழித்துவிட்டால்?’

பிரிட்டனில் தரகுத் தடைக்குப் பிறகு இதே கவலை எழுந்தது. சிறு முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை எட்டாமல் போகிறது என்ற விவாதம் அங்கு இன்றும் தொடர்கிறது. தேடி வரும் முகவர் இல்லாவிட்டால் எந்தக் காப்பீடும் எடுத்திருக்க மாட்டாத குடும்பங்களின் கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். தேவைக்கு மீறி விலை கொடுத்த காப்பீடுதான், ஆனாலும் குடும்பத் தலைவர் போனபின் ஏதோ ஒரு தொகை வந்தது. தரகு வாங்குபவர் எல்லாரும் தீயவர் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அவரை விற்பனையாளர் என்று அறிந்து, விற்பனையாளரிடம் கேட்பது போலக் கேட்டால் அவரிடமும் நல்ல சேவை பெறலாம். அவர் ஆலோசகர் என்ற பலகையை மாட்டிக்கொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

பிப்ரவரி 15

இத்தனை பேரைக் குறை சொல்லிவிட்டேன். நல்ல ஆலோசகர் எப்படி இருப்பார் என்று ஒருவர் கேட்கிறார். ஒரே ஒரு கோப்பைச் சொல்கிறேன்.

கணவரைத் திடீரென இழந்த பெண் ஒருவர், காப்பீட்டுத் தொகை கைக்கு வந்த சில நாள்களில் எங்கள் ஆலோசகரிடம் வந்தார். உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் அந்தத் தொகைக்கு ஏற்ற திட்டங்கள் பல இருந்தன. ஆலோசகர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார், அதில் முதலீட்டைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. வங்கிக் கணக்குகளில் பெயர் மாற்றம், நிலுவையில் இருந்த ஒரு தவணை, பள்ளிக் கட்டணத்தின் கெடு ஆகியவற்றையே கேட்டு எழுதிக்கொண்டார். தொகையைப் பாதுகாப்பான வங்கி வைப்பில் போட்டுவிட்டு அரையாண்டுக்கு யார் சொன்னாலும் தொடாமல் இருக்கும்படி சொல்லி அனுப்பினார். கோப்பில் அவர் எழுதிய குறிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன்: ‘இன்று எதுவும் பரிந்துரைக்கவில்லை. பெரிய முடிவு எடுக்கும் நிலையில் இப்போது அவர் இல்லை. உறவினர் வற்புறுத்தினால் என் மீது பழி போட்டுவிடும்படி கூறியிருக்கிறேன்.’ அந்த மாதம் விற்பனை இலக்கில் அவர் பின்தங்கினார். அதற்காக மேலாளர் அறையில் நின்றதும் எனக்குத் தெரியும்.

அவருடைய அறிமுகக் குறிப்பு அலுவலகத்திலேயே மிகச் சிறியது. படித்த இடம், பதிவு எண், வேலை பார்க்கும் நேரம், இவ்வளவுதான். மலையேற்றம்கூட இல்லை.

பிப்ரவரி 16

மேற்கண்ட குறிப்பைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் சுருக்கமான குறிப்பு உள்ளவரையே தேர்ந்தெடுக்கலாமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, வேண்டாம். சுருக்கமாக எழுதினால் ஆள் பிடிக்கலாம் என்று தெரிந்தால் அதற்கும் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள்.

பிப்ரவரி 20

முதல் கேள்வி கேட்டவர் மூன்றாமவரைச் சந்தித்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். கடன் எப்போது சரி என்ற கேள்விக்கு அவர் சிரித்துவிட்டு, ‘இதில் எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம், அதனால் கடன் தொடர்பான என் பரிந்துரைகளை அலுவலகத்தில் இன்னொருவர் சரிபார்ப்பார்’ என்றாராம். ‘அண்மையில் யாரைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன்?’ என்று நான் தனியே சொல்லிக் கொடுத்த கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்லியிருக்கிறார். இவை நல்ல அறிகுறிகள். ஆனால் கட்டணத்தைத் தொகையாக எழுதிக் கேட்டபோது, ‘அது சந்தையைப் பொறுத்து மாறும்’ என்று நழுவினாராம். மாறும் என்பது உண்மைதான். இன்றைய சொத்து மதிப்புக்கு இவ்வளவு என்று எழுதித் தருவதற்குச் சந்தை எந்தத் தடையும் இல்லை. ஆலோசனைக் கட்டணத்தோடு, அவர் பரிந்துரைக்கும் நிதிகள் தமக்கெனப் பிடித்துக்கொள்ளும் உள்செலவையும் அதே தாளில் சேர்த்து வாங்குங்கள். தராவிட்டால் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிப்ரவரி 21

விலகுவதைப் பற்றியும் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது என்று ஒருவர் சரியாக நினைவூட்டினார். சேர்வதற்கு முன் கேட்டால் கண்ணியமாக இருக்கும். மனக்கசப்பு வந்தபின் கேட்டால் வாக்குவாதமாக முடியும். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்கூட்டிக் கட்டிய கட்டணம் திரும்புமா, முதலீடுகளை விற்காமல் அப்படியே வேறு ஆலோசகரிடமோ நம் நேரடிப் பொறுப்புக்கோ மாற்ற முடியுமா, சில திட்டங்களில் வெளியேறும் கட்டணம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பவற்றைக் கேளுங்கள். வேறெங்கும் மாற்ற முடியாத, அந்த நிறுவனத்தில் மட்டுமே வைத்திருக்கக்கூடிய திட்டங்களாகப் பரிந்துரை நிறைந்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

ஆலோசகர் ஓய்வு பெற்றாலோ நோயுற்றாலோ உங்கள் கோப்பு யாரிடம் போகும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. தனியாளாகத் தொழில் செய்யும் பலர் இதற்கு ஏற்பாடு எதுவும் செய்திருப்பதில்லை. வீட்டில் இன்னொருவருக்கும் ஆலோசகரை அறிமுகப்படுத்தி, இரண்டாம் சந்திப்புக்கு அந்த வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். கணக்கு எண்கள், நாமினி விவரம், கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு ஆகியவை உங்களிடம் ஒரு படியும் அந்த வீட்டாரிடம் ஒரு படியும் இருக்கட்டும். கடவுச்சொல்லை மட்டும் ஆலோசகரிடம் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.